முப்பதாவது பானை

ரங்கூனின் தாகேதாப் பேட்டையில் தமிழரசியின் வீட்டு வாசலில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா இரண்டு நிறைய மண்பானை வந்து இறங்கியதும், பக்கத்துவீட்டு டோ மியா ஓடிவந்து கைகூப்பிவிட்டார். வழிப்போக்கருக்குத் தெருவில் தண்ணீர்ப்பானை வைப்பது அந்த ஊரில் பெரிய புண்ணியம். ஒரு பானை வைத்தாலே புண்ணியம் என்றால், முப்பது பானை வாங்கியவளை என்னவென்று சொல்வது?

"வார்டு முழுக்கத் தண்ணி வைக்கப் போறியா மகளே?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"இல்லீங்க, உடைக்கப் போறேன்" என்றாள் தமிழரசி, அதே பர்மியத்தில்.

டோ மியா கூப்பிய கையை இறக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. ஆற்றுக்கு அப்பால் துவாந்தேயில் வனைந்த நல்ல பானையை, அதுவும் முப்பதை, ஒருத்தி காரணத்தோடு உடைப்பாள் என்று யாருக்குத்தான் தோன்றும்? காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு இருபது வயது ஆகியிருந்தது.

தமிழரசியை அரசாங்கம் பல்கேரியாவுக்கு அனுப்பியது பீங்கான் தொழில் படிக்க. திரும்பிவந்து தொழிற்சாலையில் கோப்பையும் தட்டும் செய்வாள் என்று எதிர்பார்த்தார்கள். அங்கே கோடை விடுமுறையில் மாணவர்களைக் கூட்டமாகக் கூட்டிக்கொண்டுபோய் வேலை வாங்குவார்கள். மற்றவர்களுக்குத் தக்காளி பறிக்கும் வேலை கிடைத்தது, இவளுக்கு மண் தோண்டும் வேலை. தோண்டிய இடம் திரேசியரின் புதைமேடு. இன்றைய பல்கேரியா இருக்கும் மண்ணில் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். எழுதி வைக்கும் பழக்கம் அவர்களிடம் அநேகமாக இல்லை. பெரிய மனிதன் செத்தால் குதிரையையும் கூடவே புதைத்து, மேலே ஒரு குன்று உயரத்துக்கு மண்ணைக் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் வாரத்திலேயே பானை ஓடு ஒன்றைக் கையில் எடுத்து, அதன் உள்பக்கம் குயவனின் விரல்தடம் இருப்பதைப் பார்த்தாள் தமிழரசி. அவ்வளவுதான், பீங்கான் படிப்பு மூட்டை கட்டிக்கொண்டது. தொல்லியலுக்கு மாறிவிட்டாள்.

ஊரும் அவளுக்குப் பிடித்துப்போனது. அங்கே ஆமாம் என்று சொல்லத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். தமிழ்த் தலைக்கு அதில் பயிற்சியே தேவைப்படவில்லை.

ஊர்க்காரர்கள் குதிரைமேடு என்று சொன்ன ஒரு மேட்டில், 1986-ல் மூன்றாம் குழியை அவள் பொறுப்பில் விட்டார்கள். அதில் ஒரே ஒரு பானை உடைந்து கிடந்தது. அடிப்பாகம் ஒரு கல்லை ஒட்டி ஒரே இடத்தில் இருந்தது. வாய்ப்பக்கத்து ஓடுகள் மட்டும் அங்கிருந்து ஒரே திசையில், விசிறியை விரித்த மாதிரி, அஞ்சு அடி தூரம் வரை சிதறியிருந்தன. ஒவ்வொரு ஓடும் கிடந்த இடத்தை அளந்து நோட்டில் எழுதி, ஒன்பது பைகளில் போட்டு எண் எழுதினாள். பேராசிரியர் வந்து பார்த்தார். உடைந்த பானை உடைந்த இடத்தில் குவியலாகக் கிடக்கும், திருடன் தோண்டியிருந்தால் தாறுமாறாகக் கிடக்கும், இப்படி அடி ஓரிடமும் வாய் ஓரிடமுமாக வரிசையில் நிற்காது, பைகளை மாற்றிப் போட்டுவிட்டாய் என்றார். இருபது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய நோட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதினார்.

அவள் மாற்றிப் போடவில்லை. ஆனால் ஓடுகள் ஏன் அப்படிக் கிடந்தன என்று கேட்டால் அவளிடமும் பதில் இல்லை. முனைவர் பட்டம் கைநழுவியது. எண்பத்தெட்டில் ரங்கூன் திரும்பினாள். கலவரமும் துப்பாக்கிச் சூடுமாக ஊர் இருந்த இருப்பில் திரேசியரைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? தன்லியினில் ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. கூரை ஓட்டைத் தட்டிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்க வேண்டும். எப்படியோ ஓட்டோடுதான் பிழைப்பு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். தன்லியின் பஸ் லைனில் டைம் கீப்பராக இருந்த தனசேகரனைக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, மூன்றாம் குழி ஓடுகளை அச்சாக வரைந்து வைத்திருந்த மெல்லிய தாள்களையும் நோட்டின் கைப்பிரதியையும் எடுத்து வெயில் காட்டி, திரும்ப உள்ளே வைப்பாள். தனசேகரன் அதை அப்பளம் காயவைப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்.

2006 நவம்பரில் பல்கேரியாவிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. ராலிட்சா என்று ஒரு பெண். பேராசிரியர் காலமாகிவிட்டாராம், குதிரைமேட்டைப் பற்றிய முழுப் புத்தகத்தை அவள்தான் தொகுக்கிறாளாம். 'மூன்றாம் குழியின் பதிவுகள் குழம்பியவை என்று குறிப்பு இருப்பதால் அதை விட்டுவிட உத்தேசம். உங்கள் தரப்பில் விளக்கம் ஏதும் இருந்தால் நவம்பர் கடைசிக்குள் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.' கடிதம் வந்து சேரவே இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது பதினோரு நாள்.

தமிழரசி அழவில்லை. பல்கேரிய மொழியில் எழுத முடியாத இரண்டு வார்த்தை சொன்னாள். அப்புறம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பெட்டியைத் திறந்து, ஒன்பது பைகளின் தாள்களையும் பரப்பினாள். பைகள் குழம்பியவை என்று முத்திரை குத்திவிட்டதால் அந்த ஓடுகளை யாரும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. வெவ்வேறு பையிலிருந்த சில ஓடுகளின் ஓரத்தில் பாதிப் பாதி ஓட்டை இருந்தது. உடைசலை ஒட்டுப்போடத் துளைத்தது என்று பேராசிரியர் ஒதுக்கியிருந்தார். தாளைத் தாளோடு பொருத்தி, முழுப் பானையாக வரைந்து முடித்தாள். மூன்று ஓட்டைகளும் பானையின் ஒரே பக்கத்தில், பக்கம் பக்கமாக வந்து நின்றன.

தனசேகரன் தட்டோடு வந்து உட்காரப் போனவர், வரைபடத்தைப் பார்த்ததும் விருட்டென்று பின்வாங்கினார்.

"ஏம்மா, இதையெல்லாமா சோறு திங்கிற மேசையில வைக்கிறது?"

"ஏங்க, என்னாச்சு?"

"என்னாச்சா? மூணு ஓட்டை போட்ட பானை. யார் வூட்டு எழவு இது?"

தமிழரசி அவர் முகத்தையே பார்த்தாள். பதினாறு வருஷ வாழ்க்கையில் அவளுடைய வேலையைப் பற்றி அந்த மனிதர் பேசிய முதல் வாக்கியம் அது. பேராசிரியருக்கு எட்டாதது இந்த டைம் கீப்பருக்கு ஒரு நொடியில் எட்டிவிட்டது. தோளில் தண்ணீர்ப்பானை, மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு ஓட்டை, கடைசியில் பானையை உடைப்பது. அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லையே, அவள் பார்த்ததெல்லாம் சினிமாவில். சினிமாவில் பானை உடையும்போது கேமரா கதாநாயகன் முகத்துக்குப் போய்விடும். ஓடு எங்கே போய் விழுந்தது என்று எந்த டைரக்டர் காட்டினார்?

உடனே திரேசியரும் தமிழரே என்று நீங்கள் கிளம்பிவிட வேண்டாம். தமிழரசி கிளம்பவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஓட்டை போட்ட தண்ணீர்ப்பானையைத் தோளிலிருந்து விட்டால், ஓடுகள் அவள் நோட்டில் எழுதியிருந்த மாதிரி விழுமா? விழுந்தால் அவள் பைகளை மாற்றவில்லை. இதை வாயால் சொன்னால் ராலிட்சா நம்ப மாட்டாள். உடைத்துக் காட்ட வேண்டும்.

தொழிற்சாலையில் லீவு போட்டாள், பானை வாங்கினாள், கொல்லையைப் பெருக்கி நூல் பிடித்துக் கோலப்பொடியால் அடிக்கு அடி கட்டம் போட்டாள். மூன்றாம் குழியின் அதே அளவு, அதே இடத்தில் ஒரு கல். எல்லாம் தயாரானது, பானையைத் தூக்கத்தான் ஆள் இல்லை.

"நான் மாட்டேன்" என்றார் தனசேகரன். "எங்கப்பாவுக்குத் தூக்கினேன், எங்கம்மாவுக்குத் தூக்கினேன். வெளையாட்டுக்குத் தூக்குற சாமானா அது? வூட்டுக்கு ஆகுமா?"

தெரு முழுக்கக் கேட்டாள். கோயில் கமிட்டிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் முனையில் டீக்கடை வைத்திருந்த தஸ்தகீர்தான், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எங்களுக்கு இந்த வழக்கமே கெடையாதுக்கா. எனக்கு இது வெறும் பானை. குடுங்க, தூக்குறேன்."

மறுநாள் காலை ஆரம்பித்தது கூத்து. தஸ்தகீர் முதல் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு கட்டத்தைச் சுற்றினார். தமிழரசி பின்னாலேயே போய், பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த கொத்துக் கரண்டியின் முனையால் டொக்கென்று தட்டி ஓட்டை போட்டாள். மூன்று சுற்று முடிந்ததும் தஸ்தகீர் இரண்டு கையாலும் பானையைத் தலைக்கு மேல் தூக்கி, விடலைத் தேங்காய் உடைக்கிற வேகத்தில் முன்னால் வீசினார். ஒரு ஓடு டோ மியாவின் துணிக்கொடி வரைக்கும் போய் அங்கே காய்ந்த லோஞ்சிக் கைலியில் சிக்கியது. தமிழரசி அதையும் அளந்து எழுதிக்கொண்டாள்.

பத்துப் பானை உடைந்தும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஓடுகள் எல்லாத் திசையிலும் சிதறின. தனசேகரன் படிக்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பக்கம் திருப்பவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. பதினோராவது பானை முன்னால் பறந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் தஸ்தகீரு, யார் மேலய்யா எறியிற? சண்டையா நடக்குது? எடது தோளுல வைக்கணும். வீசவே கூடாது. நின்னு, அப்படியே பின்னால விட்டுடணும்."

"இத மொதல்லியே சொல்றதுக்கென்னண்ணே? பதினோரு பானை போச்சே."

"என்னை யாரு கேட்டா?" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

பன்னிரண்டாவது பானையைத் தஸ்தகீர் பின்னால் விட்டார். தமிழரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அடிப்பாகம் சிதறவே இல்லை! ஓட்டைகளுக்குக் கீழே மிஞ்சியிருந்த தண்ணீர் கனத்தில் அடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. வற்றிப்போன மேல்பாகம் மட்டும் உடைந்து ஓடியிருந்தது. மூன்றாம் குழி பாதி வந்துவிட்டது. ஆனால் விசிறி கோணல். நோட்டில் நேர் பின்னால் போன ஓடுகள் இங்கே வலதுபக்கம் வளைந்து போயிருந்தன.

அடுத்தடுத்த நாட்களில் அதே கதைதான். பதினெட்டு, இருபது, இருபத்துநாலு. தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள். கோணல் போகவில்லை. இருபத்தஞ்சாவது பானையில்தான் பானையை விட்டுவிட்டு ஆளைக் கவனித்தாள். பானையை விடுகிற நேரத்தில் தஸ்தகீர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். கழுத்தோடு தோளும் திரும்பியது, தோளோடு பானையும்.

"ஏன் திரும்பிப் பாக்குறீங்க?"

"குதிகால்ல விழுந்துடுமோன்னு பயமா இருக்குக்கா."

"பாக்காம விடுங்க."

பார்க்காமல் விடுகிறேன் என்று மூன்று தரம் சத்தியம் செய்தார், மூன்று தரமும் பார்த்தார். மனுஷக் கழுத்து அப்படி, பின்னால் ஒன்று விழப்போகிறது என்றால் திரும்பத்தான் செய்யும். கண்ணைக் கட்டிவிட்டால் கல்லில் இடித்துக்கொண்டார். இருபத்தொன்பதாவதைத் தமிழரசியே தூக்கினாள். அவள் தஸ்தகீரைவிட மோசம். ஓடு எங்கே விழுகிறது என்று பார்க்காமல் இருக்க அவளால் முடியுமா? இருபது வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்டதே அதைத்தானே!

அன்றைக்குத்தான் கடைசி நாள். துவாந்தே படகு போய் வர இனி நேரமில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பானை. தமிழரசி கொல்லை நடுவில், முழங்கால் வரை செம்மண்ணோடு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மாத்திப் போடலங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒரு பைகூட மாத்தல. இருவது பேரு முன்னாடி சொன்னாரு. எனக்கு அது இன்னும் ஆறல."

தனசேகரன் பேப்பரை மடித்து வைத்தார். ஒரு பஸ் ரெண்டு நிமிஷம் முன்னாலே வந்ததாக ஒருத்தன் எழுதிவிட்டாலும் நாலு நாள் தூங்காத ஆள் அவர். செய்யாத தப்பைத் தலையில் கட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"அந்த ஆளு பேரென்ன?" என்று கேட்டார்.

"எந்த ஆளு?"

"அங்க செத்துப்போனவன். யாருக்குப் பானை தூக்குனாங்களோ, அவன்."

"தெரியாதுங்க. பேரு எழுதி வைக்கல."

"புள்ளைங்க உண்டா?"

"அதுவும் தெரியாது. யாரோ தூக்கியிருக்காங்க."

தனசேகரன் சட்டையைக் கழற்றிப் படியில் போட்டார். உள்ளே போய் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"வெளையாட்டுக்கோ வேடிக்கைக்கோ நான் தூக்க மாட்டேன். அந்த ஆளுக்குன்னு தூக்குறேன். பேரு தெரியாட்டி என்ன, அவனும் செத்தவன்தானே. தஸ்தகீரு, நீ சிரிக்காம நில்லு."

"நான் எங்கண்ணே சிரிச்சேன்?" என்றார் தஸ்தகீர். உண்மையிலேயே அவர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

இடது தோளில் பானை. தனசேகரன் நிதானமாக நடந்தார். முதல் சுற்றில் தமிழரசி தட்டினாள், தண்ணீர் பீச்சியடித்து அவர் முதுகில் வழிந்தது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றிலும் ஓட்டை சரியாக விழுந்தது. கல்லுக்கு முதுகைக் காட்டி வந்து நின்றார். கழுத்து அசையவில்லை, தோள் அசையவில்லை. கையை விட்டார். பானை விழுந்த சத்தம் கேட்டதும், நேரே பார்த்தபடி நடந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அடி கல்லை ஒட்டி உட்கார்ந்திருந்தது. வாய்ப்பக்கத்து ஓடுகள் நேர் பின்னால், விசிறி விரித்த மாதிரி. தமிழரசி நாடாவைப் பிடித்து அளந்தாள். அஞ்சு அடி ஒரு அங்குலம். நோட்டின் பிரதியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். குதிரைமேட்டின் மூன்றாம் குழி அவளுடைய கொல்லையில் கிடந்தது.

"ஏங்க, வந்து பாருங்களேன்" என்று குளியலறைக் கதவைத் தட்டினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"பாக்கக் கூடாது" என்று தண்ணீர் மொள்ளும் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. "நீ படம் புடிச்சிட்டு மொதல்ல அதை அள்ளு."

தஸ்தகீரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த கேமராவில் படம் எடுத்தார்கள். சாயங்காலம் இன்டர்நெட் கடையில் இரண்டு தரம் கரண்டு போய், மூன்றாம் தரம் மெயில் போனது. அதில் அவள் ஒரே வழக்கம் என்று எழுதவில்லை. 'யாரோ ஒருவர் தண்ணீர்ப்பானையைத் தோளில் சுமந்திருக்கிறார். பின்னாலிருந்து மூன்று முறை ஓட்டை போட்டிருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் அதைப் பின்னால் விட்டிருக்கிறார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பைகள் மாறவில்லை' என்று எழுதினாள். நாலாம் நாள் ராலிட்சாவிடமிருந்து பதில் வந்தது. மூன்றாம் குழி புத்தகத்தில் வருகிறது, தமிழரசியின் பெயரிலேயே வருகிறது. பல்கேரியாவிலேயே இருந்த அசல் நோட்டின் சிவப்புக் குறிப்புக்குக் கீழே, 'சரிபார்க்கப்பட்டது, பதிவுகள் சரியானவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

மிஞ்சிய ஓடுகளையெல்லாம் அள்ளி டோ மியா வீட்டு வாசல் பள்ளத்தில் கொட்டி நிரவினாள் தமிழரசி. முப்பத்தோராவதாக ஒரு பானை வாங்கித் தெருமுனையில் தண்ணீர் நிரப்பியும் வைத்தாள். அதற்கப்புறம்தான் டோ மியா பேச்சு வைத்துக்கொண்டார்.

புத்தகம் 2008 கடைசியில் வந்தது, செங்கல் கனத்தில். தமிழரசி தன் பெயர் இருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பித் தனசேகரனிடம் நீட்டினாள். இடதுபக்கம் 1986-ல் எடுத்த குழியின் படம். வலதுபக்கம் தாகேதாக் கொல்லை. கீழே, 'முப்பதாவது பானை. சுமந்தவர்: தனசேகரன், யாங்கோன் (ரங்கூன்)' என்று அச்சாகியிருந்தது.

"இப்பப் பாக்கலாம்ல?" என்றாள்.

தனசேகரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அடியைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், ஒவ்வொரு ஓடாக விரலை வைத்துக்கொண்டு போனார். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பேர் தெரியாத அந்த ஆளுக்கு ஒன்று. மூன்று பானை விட்ட மனிதர், பானை எப்படி விழும் என்று அன்றைக்குத்தான் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவும் இல்லை.

"நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார்.

பிறகு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். தஸ்தகீர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இருபத்தெட்டு தூக்கினவன் நான், ஒண்ணு தூக்கினவருக்குப் படமா என்று கேட்டார். அன்றைக்கு டீ முழுக்கத் தனசேகரன் செலவு.